ஹையர் முடித்துவிட்டேன், சொல்லித்தரலாமா?

தட்டச்சுத் தேர்வு விரல்களை அளக்கும் தேர்வு. இங்கிலீஷ் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. ஐந்து தட்டு ஒரு சொல் என்பது கணக்கு. பத்து நிமிடம் ஓடும் ஸ்பீடு பேப்பரில் லோயர் பிள்ளை 1500 தட்டு முடிக்க வேண்டும், ஹையர் பிள்ளை 2250. அதோடு லெட்டர், ஸ்டேட்மென்ட் என்று இன்னொரு பேப்பர். இரண்டிலும் தேறியவருக்கு இயந்திரத்தில் வேலை செய்யத் தெரியும் என்று தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. அவரால் இன்னொருவரை அந்த இயந்திரத்தில் உட்காரவைத்துப் பழக்க முடியுமா என்று இரண்டு பேப்பரும் கேட்பதில்லை.

முடிவு வந்த வாரத்தில் அந்தக் கேள்வி என் மேஜைக்கு வந்துவிடும். "மேடம், ஹையர் முடிச்சிட்டேன். நான் கிளாஸ் எடுக்கலாமா?"

பிப்ரவரித் தேர்வு, ஆகஸ்ட் தேர்வு என்று ஆண்டுக்கு இரண்டு முறை யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருந்ததில்லை. இதற்கு அவசரமாகப் பதில் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் எனக்கு மிகவும் முக்கியம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் இன்ஸ்டிடியூட் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும்.

யானைக்கவுனியில், வால்டாக்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருக்கிறோம். கீழே மரக்கடை. ஒரு பக்கம் பேசின் பிரிட்ஜுக்கும் சென்ட்ரலுக்கும் இடையில் ஓயாமல் ரயில் போகும். இன்னொரு பக்கம் லாரி, மீன்பாடி வண்டி, சவுகார்பேட்டைக்குச் சரக்கு ஏற்றிப் போகும் கைவண்டி. காலை ஆறு மணி பேட்சுக்குக் கொண்டித்தோப்பு, மூலக்கொத்தளம், பேசின் பிரிட்ஜ் பிள்ளைகள் வருவார்கள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குவார், அல்லது மரக்கடையில் இறக்கு கூலி. அந்த வீட்டில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கப் போவது இந்தப் பிள்ளைதான். இங்கே தட்டச்சுப் படித்தவர்கள் பாரிமுனையில் வக்கீல் ஆபீஸ்களுக்குப் போயிருக்கிறார்கள், ஹார்பருக்குப் போயிருக்கிறார்கள், எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனி ஆபீஸ்களுக்குப் போயிருக்கிறார்கள். குரூப் 4 எழுதி டைப்பிஸ்ட் ஆனவர்கள் நிறைய. அந்த வேலைக்குத் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் சான்றிதழ் வேண்டும், ஒன்றிலாவது ஹையர் இருக்க வேண்டும்.

ஆகவே முதல் மாதத்தில் ஒரு பிள்ளைக்குத் தவறான விரல் பழகிவிட்டால் நஷ்டம் அந்தக் குடும்பத்துக்கு. பழகிய விரலை மாற்றுவது புதிதாகப் பழக்குவதைவிடப் பல மடங்கு கடினம். தேர்வு ஒன்று கைநழுவினால் ஆறு மாதம் போகும், ஆறு மாதத்துக் கட்டணம் போகும். பெண் பிள்ளையாக இருந்தால் அதற்குள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். கற்பிக்கத் தயாராகிவிட்டோமா என்பதைக் கற்பிக்கப் போகிறவரின் ஆசையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் எண்பதுகளின் நடுவில் இதே மாடியில் மாணவியாக ஏறியவள். ஹையர் தேறியதும் எங்கள் சார் என்னைக் கூப்பிட்டு, "நாளைலேர்ந்து காலையில வர்ற புதுப் புள்ளைங்களை நீ பார்த்துக்கறியா?" என்று கேட்டார். நான் சரி என்று சொல்லும் முன்பே மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். யாரோ ஒரு மாணவர் அடித்த பயிற்சித் தாள். பெயர் கிழிக்கப்பட்டிருந்தது.

"இந்தப் புள்ளைக்கு இன்னா பிரச்சினை, சொல்லு."

தவறுகளைச் சுழித்துக் கொடுத்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "தப்பு எங்க இருக்குன்னு கேக்கல. தப்பு எங்கேர்ந்து வருதுன்னு கேக்கறேன்."

அன்று அவர் காட்டியதை இன்றுவரை நான் புதிதாக வரும் பயிற்சியாளர்களுக்குக் காட்டுகிறேன். ஒரு தாளில் 'ஈ' வர வேண்டிய இடத்தில் 'ஐ' விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில விசைப்பலகையில் அந்த இரண்டு எழுத்தும் இரண்டு கைகளின் நடுவிரலுக்கு உரியவை. அந்தப் பிள்ளைக்கு விரல் தெரிந்திருக்கிறது, கை மாறிவிட்டது. மனம் அடுத்த எழுத்துக்கு ஓடுகிறது, கை பின்தங்குகிறது. அதற்கு மருந்து நிதானம். அதே தாளில் 'ட்டி' வர வேண்டிய இடத்தில் 'ஆர்' விழுந்தால் அது வேறு நோய். இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள், ஒரே விரல் அடிப்பவை. விரல் எட்ட வேண்டிய தூரத்துக்கு எட்டவில்லை, அல்லது கை மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளையை நிதானமாக அடிக்கச் சொல்லிப் பயனில்லை. நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும். தேர்வில் இரண்டும் ஒரே மிஸ்டேக்தான், ஒரே மதிப்பெண்தான் குறையும். சொல்லித்தருபவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அவர் இன்னும் தயாராகவில்லை.

பெரிய எழுத்துகள் வரிக்கு மேலே மிதந்து நின்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திய சுண்டுவிரல் சீக்கிரம் எழுந்துவிடுகிறது. எழுத்து ஒரு கையில் இருந்தால் ஷிஃப்ட் மறு கையில், ஆகவே எழுத்தை அடித்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் கண்ணில் படாது. இடது கைச் சுண்டுவிரலுக்கு உரிய எழுத்துகள் மட்டும் மங்கலாக விழுந்தால் விரலில் பலமில்லை. ரிப்பன் தேய்ந்திருந்தால் எல்லா எழுத்தும் மங்கும். வரிகளின் முதல் எழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்காமல் உள்ளே வெளியே போனால் கேரேஜை முழுதாகத் தள்ளவில்லை. டைப் பார்கள் இரண்டு சிக்கிக்கொண்டு நின்றால் தாளம் சரியில்லை, ஒரு ஜோடி எழுத்தை மட்டும் விரட்டி அடித்திருக்கிறது பிள்ளை. அச்சடித்த தாளை வைத்துக்கொண்டே ஒரு பிள்ளை எப்படி உட்கார்ந்திருந்தது என்று சொல்லிவிடலாம்.

தாளுக்கு அடுத்து காது. சார் என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். பின்னால் பிள்ளைகள் அடித்துக்கொண்டிருந்தார்கள். "யார் கீயைப் பார்த்து அடிக்கறாங்கன்னு சொல்லு" என்றார். கீழே லாரி ஹாரன், அந்தப் பக்கம் ரயில். ஆனால் கேட்கப் பழகினால் கேட்கும். தாளைப் பார்த்து அடிப்பவரின் ஓசை மெதுவாக இருந்தாலும் ஒரே சீராக வரும். விசையைப் பார்த்து அடிப்பவர் ஒரு கொத்து படபடவென்று அடிப்பார், நிற்பார், தாளைப் பார்ப்பார், மறுபடி ஒரு கொத்து. வேகமாக அடிக்கும் பிள்ளைகளிடம்தான் இது அதிகம், கேட்பவர் மயங்கிவிடுவார். மார்ஜின் பெல் அடித்த பிறகு எத்தனை நேரத்தில் கேரேஜ் திரும்புகிறது என்பதை வைத்தும் சொல்லலாம்.

மூன்றாவதாக அவர் ஒரு கட்டளை போட்டார். அது மிகவும் கடினமாக இருந்தது. "கையைப் பின்னால கட்டிக்கோ. மெஷினைத் தொடாத. வாயால சொல்லு."

ஒரு தொழிலில் கை தேர்ந்தவருக்கு இதைப் போலச் சோதனை வேறில்லை. பக்கத்தில் ஒரு பிள்ளை தடுமாறும்போது நம் விரல் தானாக எழுகிறது. நாம் அடித்துக் காட்டினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், பிள்ளையும் ஆவென்று பார்க்கும். நம் வேகம் அதற்குத் தெரிந்துவிடும், அதன் விரல் எங்கே போக வேண்டும் என்பது தெரியாது. ஒரு முறை அடித்துக் காட்டலாம், உட்காரும் விதம் காட்டலாம். மற்ற நேரமெல்லாம் சொல்லால்தான் வழிநடத்த வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் நம் கைக்குத் தெரிந்தது நம் வாய்க்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் மெஷினில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ரா. முத்தையா தமிழுக்கு விசைப்பலகை அமைத்தபோது, 247 எழுத்துகளை ஒரு சிறிய இயந்திரத்துக்குள் கொண்டுவர நகரா விசை என்ற வழியைக் கையாண்டார். புள்ளிக்கான விசையைத் தட்டினால் புள்ளி தாளில் விழும், கேரேஜ் நகராது. அதன்பின் எழுத்தைத் தட்டினால் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழேயே விழும், அப்போதுதான் கேரேஜ் நகரும். பள்ளிக்கூடத்தில் எழுத்து போட்டுப் புள்ளி வைத்துப் பழகிய பிள்ளை இங்கே புள்ளி வைத்து எழுத்து போட வேண்டும். வேகம் வந்தவர்கள் இதை மறந்தே போயிருப்பார்கள். "ஏன் மேடம் புள்ளி முதல்ல?" என்று முதல் வாரத்துப் பிள்ளை கேட்கும். "அப்படித்தான், அடி" என்று பதில் வந்தால், பதில் சொன்னவருக்குத் தமிழ் ஹையர் இருக்கலாம், கற்பிக்கும் தகுதி இன்னும் வரவில்லை. கேரேஜ் நகர்வதையும் நகராமல் நிற்பதையும் ஒரு முறை விரலால் சுட்டிக் காட்டினால் போதும். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு மறக்காது.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று பருத்திக் குண்டிகை. வாய் சிறுத்த குடத்தில் பஞ்சை அடைத்தால் உள்ளே போகவும் சிரமம், வெளியே வரவும் சிரமம். நிறைய இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத்தான் வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய இலக்கண நூல் எங்கள் மாடியில் வந்து நின்று சிலரைப் பார்த்துச் சொன்னது போல எனக்குத் தோன்றும்.

அப்படி ஒரு பையன் இருந்தான். தேர்வு அறையில் அவன் அடிக்கத் தொடங்கினால் பக்கத்து மெஷின் பிள்ளைகள் திகைத்துப்போவார்கள், அத்தனை வேகம். ஹையர் தேறியதும் கொண்டித்தோப்பில் சொந்தமாக இரண்டு மெஷின் போட்டு கிளாஸ் ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னான். முதலில் எங்களிடம் ஒரு பேட்ச் பார் என்றேன். முதல் நாளே ஒரு சிறுமியை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்து முழுப் பத்தியையும் அடித்துக் காட்டினான். அந்தப் பெண் கைதட்டினாள். அடுத்த நாளும் அதேதான். "தம்பி, அவளுக்கு 'பி' எந்த விரல்னு இன்னும் தெரியல" என்றேன். "அதான் நான் அடிச்சுக் காட்டினேனே மேடம்" என்றான். கெட்ட எண்ணமே கிடையாது அவனுக்கு. தான் எப்படிக் கற்றோம் என்பதே அவனுக்கு நினைவில்லை, அவ்வளவு சீக்கிரம் கற்றவன். அவனை இப்போது வேண்டாம் என்று சொன்னேன். மனம் கசந்துதான் போனான். பிற்பாடு நல்ல ஆபீஸ் வேலை கிடைத்து அதில் மேலே வந்தான். அந்த வேகத்துக்கு அதுதான் சரியான இடம்.

அதே காலத்தில் இன்னொரு பெண். லோயர் மட்டும்தான் தேறியிருந்தாள், ஹையர் கைகூடவில்லை. கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு வந்து மெஷின்களைத் துடைத்து, ரிப்பன் மாற்றி, வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே பிள்ளைகளைப் பார்ப்பாள். ஒரு நாள் என்னிடம் வந்து, "அக்கா, மூணாவது மெஷின் பொண்ணு மூச்சைப் புடிச்சிக்கினு அடிக்குது. வரி முடிஞ்சாத்தான் மூச்சு வுடுது. அதான் வரிக் கடைசில தப்பு வருது" என்றாள். நான் போய்ப் பார்த்தேன். உண்மை. தாளில் ஒவ்வொரு வரியின் கடைசி இரண்டு மூன்று சொற்களில்தான் தவறுகள் கூடியிருந்தன. அந்தக் காரணம் எந்தக் கைடிலும் கிடையாது.

அவளுக்குப் புதுப் பிள்ளைகளைக் கொடுத்தேன். ஒரு தகப்பனார் மாடியேறி வந்து, "லோயர் படிச்ச பொண்ணா எம் புள்ளைக்கு சொல்லித்தருது?" என்று சத்தம் போட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர் கையில் இருந்த அளவுகோல் சான்றிதழ் ஒன்றுதான். லோயர் பாடத்தை லோயரில் தேறியவர் சொல்லித்தரலாம், ஹையர் பிள்ளைகளை நான்தான் பார்க்கிறேன், ஒரு மாதம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அவர் தன் அண்ணன் மகளையும் கொண்டுவந்து சேர்த்தார்.

அவள் செய்ததில் பெரியது வேறு. மர அறுவை மெஷினில் இடது கையின் சுண்டுவிரலையும் பக்கத்து விரலில் பாதியையும் இழந்த ஒரு பையன் வந்தான். மரக்கடை வேலை இனி முடியாது, அதனால் டைப்பிங். சுவரில் மாட்டியிருக்கும் விரல் அட்டையில் அவனுக்கு இடமில்லை. 'ஏ' விசைக்குச் சுண்டுவிரல் என்று அட்டை சொல்கிறது, அந்த விரல் அவனிடம் இல்லை. புத்தகத்தை மட்டும் அறிந்தவர் அங்கே நின்றுவிடுவார். அவள் தன் சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் மடக்கி ரிப்பன் துணியால் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் போன பிறகு மெஷினில் உட்கார்ந்து பார்த்தாள். எந்த எழுத்துக்குக் கை எங்கே சாய்கிறது, சாய்ந்த கை எப்படி இருப்பிடம் திரும்புகிறது என்று தன் கையிலேயே கண்டுபிடித்தாள். அவனுக்கென்று தனி விரல் வரிசை ஒன்றை நோட்டில் எழுதிக் கொடுத்தாள். இடது ஷிஃப்டுக்குப் பதிலாக ஷிஃப்ட் லாக். நடுவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் கூடுதல் பொறுப்பு. தேர்வில் யாரும் விரலைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார்கள். அவன் லோயர் தேறினான்.

கற்பிக்கத் தயாரானவர் யார் என்று என்னை யாராவது கேட்டால் எனக்கு அவள் முகம்தான் முதலில் வரும். நிமிடத்துக்கு 30 சொல் அவளுக்கு உச்சம். எதிரில் இருக்கும் பிள்ளையின் கை அவளுக்குத் தன் கையைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி மறுபுறம். இப்போதே ஆரம்பிக்கலாம் என்ற நிலையில் இருந்துகொண்டு, ஆரம்பிக்கவே மாட்டேன் என்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். "ஹையர் வரட்டும் மேடம்." ஹையர் வந்ததும், "ஹை ஸ்பீடு முடிச்சிடறேன் மேடம்." பிறகு, "ஷார்ட்ஹேண்டும் தெரிஞ்சாத்தானே மேடம் மதிப்பு." முழுதாக நிறைந்த பிறகு ஊற்றலாம் என்று காத்திருக்கிறார்கள். இவர்களிடமும் நான் நன்னூலைத்தான் சொல்வேன். ஆசிரியர் சொல்வதைச் செவ்வனே கேட்டுக்கொண்டாலும் ஒருவருக்குக் கால் பங்குதான் வரும், கூடப் படிப்பவர்களோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும், மிச்சமுள்ள அரைப் பங்கு பிறருக்குத் தெளிவாக எடுத்துரைக்கும்போதுதான் வரும் என்று பவணந்தியார் கணக்கே போட்டிருக்கிறார். அந்த அரைப் பங்கு வந்த பிறகுதான் கற்பிப்பேன் என்றால் அது என்றைக்குமே வரப்போவதில்லை.

உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கையில் இதை அப்படியே பார்க்கலாம். 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் வேலையிலிருந்து தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தன் இடத்துக்கு 25 வயதை எட்டவிருந்த சாமிநாதையரைச் சிபாரிசு செய்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், திருவாவடுதுறை மடத்தில் உடன் படித்தவர்களுக்குப் பாடம் சொன்னவர். கல்லூரியில் இருந்தவர்கள் அவரைச் சோதித்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன நூல்கள் படித்தீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் பெரிய பட்டியலே சொன்னார். முதலியார் அதை வியக்காமல் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அப்புறம் நடந்ததுதான் எனக்கு வேண்டியது. அந்த நூலை முதலியாருக்குப் பாடம் சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஏட்டைப் படித்துக்கொண்டே, நச்சினார்க்கினியர் உரையோடு மல்லாடிக்கொண்டே, சமண சமயச் செய்திகளை அறிந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டே பாடம் சொன்னார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. கல்லூரி வேலையில் சேர்ந்த அன்று அவர் அந்த நூலுக்குத் தயாராக இல்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று ஒப்பி, தேடிப் போய்க் கேட்டு, மறுநாள் வந்து சொல்லும் நேர்மைக்குத் தயாராக இருந்தார். எங்கள் மாடியிலும் அது வேண்டும். டேபிள் ஸ்டேட்மென்டில் ஒரு பிள்ளை புதிதாக ஒன்றைக் கேட்டால், "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி, மறுநாள் உண்மையாகவே சொல்பவர் போதும் எனக்கு.

அதற்காக யாரை வேண்டுமானாலும் நாற்காலியில் உட்காரவைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தவறும் நம் ஊரிலிருந்து கிளம்பிய ஒரு முறையின் பேரில்தான் நடந்தது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒரு மூத்த மாணவன் இருப்பான். சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்து பழக்குவது அவன் வேலை. 1789-இல் எழும்பூரில் ராணுவ வீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவர நினைத்தார். பெரிய ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். எங்கள் யானைக்கவுனியிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் நடந்தது இது. 1797-இல் பெல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது உலகம் சுற்றியது.

எட்டு வயதுப் பையனால் ஏன் முடிந்தது? அவனிடம் கொடுத்த வேலை சின்னது, அவனுக்கு முழுதாகத் தெரிந்தது, பக்கத்திலேயே பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடைத்து, ஒரே ஒரு ஆசிரியரை வைத்து, மிச்சத்தைப் பையன்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். செலவு குறைந்தது, படிப்பு வெறும் ஒப்பிப்பாகிப் போனது. 1846-இல் அங்கே அரசாங்கமே வேறு ஏற்பாட்டுக்கு வந்தது. 13 வயதில் சேர்ந்து, தலைமையாசிரியரின் கீழ் 5 ஆண்டு பழகும் மாணவ ஆசிரியர் முறை. அந்தப் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டு 10 பவுண்டு, கடைசி ஆண்டு 20 பவுண்டு உதவித்தொகையும் கொடுத்தார்கள்.

நான் பழகியதும் பழக்குவதும் ஏறக்குறைய இந்த வழியில்தான். முதலில் ஒரே ஒரு பிள்ளை. அதுவும் முதல் நாள் பிள்ளை. இங்கிலீஷில் 'ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்', தமிழில் 'யளனகபக' என்று நடு வரிசையை மட்டும் பழக்க வேண்டும். அது சீரான ஓசையோடு வந்தால் அடுத்த வரிசை, இரண்டாவது பிள்ளை. ஸ்பீடு பிள்ளைகள் கடைசியில்தான். நான் அதே அறையில் இருப்பேன், பிள்ளைகள் முன்னால் குறுக்கிட மாட்டேன். பேட்ச் முடிந்த பிறகு இருவரும் உட்கார்ந்து தாள்களைப் பார்ப்போம். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் என்று ஒரு சொல் எழுதச் சொல்வேன். விரல், கை, உயரம், கண், அவசரம், தூக்கம். ஆமாம், தூக்கமும்தான். அப்பாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு ஆறு மணிக்கு வரும் பெண்ணின் தாளில் அது வரும். எல்லாத் தவறுக்கும் 'கவனமில்லை' என்றே எழுதும் பயிற்சியாளரை நான் அடுத்த படிக்கு அனுப்புவதில்லை. கவனமில்லை என்பது பிள்ளையைத் திட்டும் சொல், அதில் காரணம் இல்லை.

வேறொன்றையும் பார்ப்பேன். தன் பிள்ளை தேர்வில் தோற்றால் அவர் என்ன செய்கிறார்? "நான் எவ்வளவு சொன்னேன், கேட்கல" என்று சொல்பவர் உண்டு. தாளைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்காருபவர் உண்டு. இரண்டாமவரிடம் நான் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவேன்.

இப்போது வரும் பிள்ளைகள் கைப்பேசியில் இரண்டு கட்டைவிரலால் அசாத்திய வேகத்தில் அடித்துப் பழகியவர்கள். எங்கள் மெஷினில் கட்டைவிரலுக்கு ஸ்பேஸ் பாரைத் தவிர வேலையில்லை. மிச்ச எட்டு விரலையும் புதிதாக எழுப்ப வேண்டியிருக்கிறது. முன்பைவிட இப்போது முதல் மாதத்து ஆசிரியர் அதிகம் தேவை. ஆனால் மெஷினுக்கு உதிரிபாகம் கிடைப்பது குறைந்துவிட்டது, ரிப்பேர் பார்க்கும் கைகள் குறைந்துவிட்டன, என் வயதுக்காரர்கள் பலர் இன்ஸ்டிடியூட்டை மூடிவிட்டார்கள். நாளைக்குத் தேர்வு முழுதும் கம்ப்யூட்டருக்கே போனாலும் விரல் பழக்க ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் தவறை அழித்துக்கொடுக்கும், தவறு எங்கிருந்து வருகிறது என்று சொல்லாது.

அதனால் சக இன்ஸ்டிடியூட்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஹையர் பிள்ளைகளில் பக்கத்து மெஷினை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். இந்த ஆகஸ்ட் தேர்வு முடிந்ததும் ஒரு புதுப் பிள்ளையை அதன் பொறுப்பில் விடுங்கள். நீங்களும் அதே அறையில் இருங்கள். எங்கள் சார் எனக்கு முதல் மாதத்திலிருந்தே சம்பளம் கொடுத்தார். அனுபவம் கிடைக்கிறதே என்று சொல்லி இலவசமாக வேலை வாங்காதீர்கள். சம்பளம் கொடுங்கள்.